பெருவெடிப்பு யார் பக்கச் சாட்சி?

"பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டென்று விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது. தொடங்கிய எதற்கும் தொடக்கிவைத்தவர் ஒருவர் வேண்டும். ஆகவே கடவுள் இருக்கிறார், அதுவும் விஞ்ஞானபூர்வமாக." இந்த மூன்று வசனங்களையும் எங்கள் ஊர் ஹெந்தளையில் கோயில் மண்டபத்திலும் கேட்டிருக்கிறேன், செபக்கூட்டத்திலும் கேட்டிருக்கிறேன், கொட்டாஞ்சேனைப் பக்கம் போகிற பஸ்ஸில் அடுத்த சீற்றில் இருந்தவர் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். ஆளுக்கு ஆள் கடவுளின் பெயர் மட்டும் மாறும். சைவர் சொன்னால் ஜெனீவாவில் நிற்கிற நடராசர் சிலையும் கூடவே வரும். கிறிஸ்தவர் சொன்னால் ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் வரும். முஸ்லிம் நண்பர் சொன்னால் வானம் விரிவதைப் பற்றிய குர்ஆன் வசனம் வரும். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத சமயங்கள் ஒரே சாட்சியைக் கூண்டில் ஏற்றி, ஆளுக்கொரு தீர்ப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகின்றன. இது யாருக்கும் உறுத்தவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

எதிராளியின் கட்சியை முதலில் நேர்மையாகச் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும் என்பது தமிழில் பழைய ஒழுங்கு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் உலகாயதன் தொடங்கி ஒவ்வொருவருடைய வாதத்தையும் அவரவர் வாயாலேயே பேசவிட்ட பிறகே மறுப்புக்கு இறங்குகிறார். அந்த ஒழுங்கைக் காப்பாற்றப் பார்க்கிறேன்.

இந்த வாதத்தின் பலமான வடிவம் இஸ்லாமிய மெய்யியலாளர் கஸ்ஸாலியுடையது, பதினோராம் நூற்றாண்டுக்காரர். தோன்றும் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. உலகம் தோன்றியது. ஆகவே உலகத்துக்குக் காரணம் உண்டு. இறந்தகாலம் முடிவில்லாமல் பின்னே நீண்டிருந்தால் இன்றைய நாள் வந்தே சேர்ந்திராது. ஆகவே காலத்துக்கும் ஒரு முதல் உண்டு. காலமும் இடமும் அந்தக் காரணத்தால் வந்தவை என்றால், அந்தக் காரணம் காலத்துக்கும் இடத்துக்கும் அப்பாற்பட்டது. இதற்கு இருபதாம் நூற்றாண்டு இரண்டு தூண்களைக் கொடுத்தது. விண்மீன் திரள்கள் விலகி ஓடுவதை 1929இல் ஹபிள் காட்டினார். பிரபஞ்சம் முழுவதும் பரவிக் கிடக்கும், 2.7 கெல்வின் அளவுக்கு ஆறிப்போன ஆதிச் சூட்டின் மிச்சத்தை 1965இல் பென்சியாசும் வில்சனும் அறிவித்தார்கள். "அப்படியானால் கடவுளைப் படைத்தது யார்?" என்று கேட்டுவிட்டு, வென்றுவிட்டதாக எழுந்து போகிறவர்கள் வாதத்தைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. தோன்றியவற்றுக்குத்தான் காரணம் கேட்கிறது இந்த வாதம். கடவுள் தோன்றியவர் என்று அது சொல்லவேயில்லை.

கடவுள் இல்லை என்று நிறுவ நான் வரவில்லை. பெருவெடிப்பு அவருக்குச் சாட்சி அல்ல என்பது மட்டுமே என் கட்சி.

1. விஞ்ஞானம் அப்படிச் சொல்லவேயில்லை.

ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் மிக அடர்ந்த, மிகச் சூடான நிலையில் இருந்தது. அன்றிலிருந்து விரிந்து ஆறிக்கொண்டு வருகிறது. கோட்பாடு உறுதியாகச் சொல்வது இவ்வளவுதான். 'ஒன்றுமே இல்லாத நிலையிலிருந்து வந்தது' என்பது அதில் இல்லை. மேடையில் ஏறிய பிறகு நாம் சேர்த்துக்கொண்டது. படத்தைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் முடிவிலியைக் கக்குகின்றன. முடிவிலியைக் கண்டதும் பௌதிகவியலாளர் கும்பிடுவதில்லை. இந்தச் சமன்பாடு செல்லுபடியாகும் எல்லை இத்தோடு முடிந்தது என்று குறித்துக்கொள்கிறார். அந்த எல்லைக்கு அப்பால் ஈர்ப்பையும் குவாண்டத்தையும் ஒன்றாகக் கட்டும் கோட்பாடு வேண்டும். அது இன்னும் கைக்கு வரவில்லை.

1970இல் பென்ரோசுடன் சேர்ந்து, பொதுச் சார்பியல் சரியென்றால் அப்படியொரு முனை இருந்தே ஆக வேண்டும் என்று நிறுவியவர் ஹோக்கிங். அதே ஹோக்கிங் 1983இல் ஹார்ட்டிலுடன் சேர்ந்து, குவாண்டத்தையும் கணக்கில் எடுத்தால் காலத்துக்கு விளிம்பே இல்லாமல் போகலாம் என்று இன்னொரு மாதிரியை முன்வைத்தார். எது சரி என்பது தீரவில்லை. தீராத வழக்கின் பாதிப் பக்கத்தைக் கிழித்தெடுத்து, இதுதான் தீர்ப்பு என்று வாசித்துக் காட்டுகிறார்கள்.

2. இதை முதலில் நிறுத்தச் சொன்னவர் நாத்திகர் அல்லர். ஒரு கத்தோலிக்கக் குரு.

பெருவெடிப்புக் கோட்பாட்டின் தந்தை என்று சொல்லத்தக்க ஜோர்ஜ் லெமேத்ர் பெல்ஜியத்துக் குருவானவர். 1927இல் விரியும் பிரபஞ்சத்தையும், 1931இல் 'ஆதி அணு' என்ற கருத்தையும் முன்வைத்தவர். 1951 நவம்பரில் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் திருப்பீட விஞ்ஞானக் கழகத்தில் பேசியபோது, இந்தப் புதிய வானியலைப் படைப்புக்குச் சான்றாக எடுத்துக்காட்டினார். தன் கோட்பாட்டைத் தன் சமயத் தலைவரே மெச்சுகிறார் என்று லெமேத்ர் பூரிக்கவில்லை, சங்கடப்பட்டார். ரோமில் தெரிவிக்க வேண்டியவர்களுக்குத் தெரிவித்தார். அடுத்த ஆண்டு அங்கே கூடிய வானியலாளர் மாநாட்டில் பாப்பரசர் பேசியபோது அந்த ஒப்பீடு திரும்பி வரவில்லை. தன் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது, பொருள்முதல்வாதி கடவுளை மறுக்க அது தடையாக இல்லை என்று லெமேத்ர் பின்னர் எழுதியும் வைத்தார்.

இது லெமேத்ரின் தனிப்பட்ட கூச்சமல்ல. அக்குவினாசின் தோமையார் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இதற்குக் கோடு போட்டுவிட்டார். உலகம் ஒரு நாள் தொடங்கியது என்பது விசுவாசத்தால் ஏற்பது, நியாயத்தால் நிறுவத்தக்கதல்ல. அரைகுறை நியாயங்களால் நிறுவப் போனால் நம்பாதவர்கள் சிரிப்பதற்கு இடம் கொடுப்போம் என்பது அவர் எச்சரிக்கை. தோமையார் கடவுளுக்கு ஐந்து வழிகளில் நியாயம் சொன்னவர். அவற்றில் ஒன்றுகூட உலகம் ஒரு நாளில் தொடங்கியது என்பதை நம்பி நிற்கவில்லை. செபக்கூட்டங்களில் பேசும் சகோதரர்கள் இதை ஒருமுறை வாசித்துவிட்டுப் பேசினால் நல்லது.

நம் பக்கத்தில் இராமாநுசர். உலகத்தைக் காட்டி அதற்கொரு கர்த்தாவை நிறுவும் அனுமானத்தை ஸ்ரீபாஷ்யத்தில் அவர் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றுகிறார். உலகம் முழுவதும் ஒரே வேளையில், ஒரே கர்த்தாவால் செய்யப்பட்டது என்பதற்கு என்ன ஆதாரம்? நாம் கண்ட கர்த்தாக்கள் எல்லோருக்கும் உடல் இருக்கிறது. இவருக்கு மட்டும் ஏன் இல்லை? பெரிய காரியங்களைப் பலர் கூடிச் செய்வதைத்தானே பார்க்கிறோம்? கேட்டுவிட்டு, ஈசுவரனைச் சாத்திரம் வழியாகவே அறிய முடியும், அனுமானத்தால் முடியாது என்று முடிக்கிறார். திருமாலுக்காகவே வாழ்ந்த மனிதர் எழுதியது இது. ஈ.வெ.ரா. மேடையில் பேசியதல்ல.

3. இந்த வாதத்தைக் கையில் எடுக்கும் சைவர் தன் சித்தாந்தத்தைக் கைவிடுகிறார்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் இது. 'ஒன்றுமில்லாததிலிருந்து உலகம் வந்தது, ஆகவே சிவன் உண்டு' என்று கோயில் மண்டபத்தில் ஒருவர் முழங்குகிறார், நெற்றியில் மூன்று குறி, கீழே கைதட்டல். சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. உலகத்துக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்தகாரணம். குடத்துக்கு மண்ணும் தண்டசக்கரமும் குயவனும் போல என்று சின்ன வயதுச் சைவநெறி வகுப்பிலேயே படித்தோம். குயவன் மண்ணைப் படைப்பதில்லை. இல்லாதது தோன்றாது, உள்ளது அடியோடு அழியாது என்ற சற்காரியவாதம்தான் கட்டடத்தின் அத்திவாரம். மெய்கண்டார் சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்தில் உலகத்துக்கு ஒரு கர்த்தாவை நிறுவுகிறார், உண்மை. ஆனால் அவர் பேசும் தோற்றம், ஒடுங்கிய ஒன்று மறுபடி வெளிப்படுவது. வெறுமையிலிருந்து முதல் தடவையாக வருவதல்ல. ஒடுக்கம், தோற்றம், மறுபடி ஒடுக்கம் என்று சுற்றிக்கொண்டே இருப்பதற்கு முதல் நாள் ஏது?

இதற்கு ஒரு சமாளிப்பு இருக்கிறது: "பெருவெடிப்பு பல சிருட்டிகளில் ஒன்று." அப்படியே இருக்கட்டும். ஆனால் அதற்கு முன்னும் ஒன்று இருந்தது என்றால் அது தொடக்கமல்ல. தொடக்கம் இல்லையென்றால் 'தொடங்கியதற்குத் தொடக்கிவைத்தவர்' என்ற வாதமே இல்லை. சித்தாந்தி ஒன்றில் அநாதியை விட வேண்டும், அல்லது பெருவெடிப்புச் சான்றை விட வேண்டும். இரண்டையும் இடுப்பில் செருகிக்கொண்டு மேடையேற முடியாது.

குயவன் உவமையைக் கடன் வாங்கும் கிறிஸ்தவருக்கும் இதே சிக்கல்தான், மறுபக்கத்திலிருந்து. நாம் கண்ட தொடக்கங்கள் எல்லாமே ஏற்கெனவே இருந்த பொருள் உருமாறியவை. தோன்றுவதற்கெல்லாம் காரணம் உண்டென்று அனுபவத்திலிருந்து கற்றோம் என்றால், தோன்றுவதற்கெல்லாம் மூலப்பொருள் உண்டென்பதையும் அதே அனுபவத்திலிருந்துதான் கற்றோம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட என்ன உரிமை?

4. இந்தச் சாட்சி இதற்கு முன்பும் கட்சி மாறியிருக்கிறது, நம் நாட்டிலேயே.

1829இல் யாழ்ப்பாணத்தில் நடந்ததைப் பாருங்கள். வட்டுக்கோட்டை செமினரியை நடத்திய அமெரிக்க மிஷனரி டானியல் பூர் பாதிரியார், அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் கணித்திருந்த சந்திரகிரகணத்தை மேல்நாட்டுக் கணிதத்தோடு மோதவிட்டார். கிரகணம் பூர் சொன்ன கணக்குப்படி வந்தது. நியூட்டனின் வானியலே சைவத்தைச் சாய்த்துவிடும் என்று மிஷன் நம்பியது. பஞ்சாங்கக் கணக்கு பிழையாய்ப் போனது உண்மை. ஆனால் சைவம் சாயவில்லை. கால் நூற்றாண்டுக்குள், 1854இல், மிஷனரிகளுக்கு மறுப்பாக ஆறுமுக நாவலரின் 'சைவதூஷணபரிகாரம்' வந்துவிட்டது. கிரகண நேரத்தைச் சரியாகச் சொன்னதால் கிறிஸ்து தேவகுமாரன் ஆகிவிடவில்லை. பிழையாகச் சொன்னதால் சிவன் இல்லாமல் போய்விடவில்லை.

பிறகு 1873, ஆகஸ்ட் 26, 28: பாணந்துறை வாதம். ஒரு பக்கம் வெஸ்லியன் சபையின் டேவிட் டி சில்வா; மறுபக்கம் கொட்டாஞ்சேனை தீபதுத்தாராமயவின் மிகெட்டுவத்தே குணானந்த தேரர். ஆயிரக்கணக்கான சனம். தேரரின் நாவன்மை இன்றைக்கும் பேசப்படுகிறது. அந்த வாதத்தின் அச்சுப் பிரதிதான் பிரம்மஞான சபையின் அமெரிக்கர் ஒல்கொட்டை 1880இல் இலங்கைக்கு இழுத்துவந்தது. உலகப் படைப்பு, ஆன்மா, வருந்தும் கடவுள் எப்படி எல்லாம் அறிந்தவராக இருக்க முடியும் என்ற கேள்வி: நல்ல கேள்விகள், இன்றும் கேட்கத் தகுந்தவை. ஆனால் பௌத்த நூல்கள் உலகின் நடுவே வைக்கும் மேருமலை பற்றிய பேச்சு வந்தது. உலகைச் சுற்றி வந்தவர்கள் காணாத மலை எங்கே இருக்கிறது என்று கிறிஸ்தவத் தரப்பு கேட்டது. தேரர் என்ன செய்தார்? நியூட்டன் பிழை, பூமி அசையாமல் நடுவில் நிற்கிறது என்று எழுதிய மொரிசன் என்ற ஆங்கிலேயரின் புத்தகத்தைச் சான்றாக எடுத்துக்காட்டினார். அந்தப் புத்தகம் இன்று யாருக்கும் தேவையில்லை. தேரரின் மற்ற வாதங்கள் நிற்கின்றன; விஞ்ஞானத்தைக் கைத்தடியாக ஊன்றிய இடம் மட்டும் முறிந்து கிடக்கிறது.

சாட்சி எதிர்த்தரப்புக்குத் தாவுவதற்கு இன்னொரு உதாரணமும் கொழும்புக்காரரிடம் இருக்கிறது. இங்கே பிறந்து, பிரெட் ஹொயிலிடம் படித்து, பிரித்தானியாவில் பேராசிரியரான சந்திர விக்கிரமசிங்க, 1981இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் படைப்புவாதத்தைப் பாடமாக்கிய சட்டத்தைக் காக்கச் சாட்சி சொல்லப் போனார். பூமி பத்து இலட்சம் ஆண்டுக்கும் குறைந்த வயதுடையது என்று அறிவுள்ள எந்த விஞ்ஞானியும் நம்பமாட்டார் என்று அங்கேயே சொல்லிவிட்டார். இவரை ஏன் சாட்சியாக அழைத்தார்கள் என்று விளங்கவில்லை எனத் தீர்ப்பிலேயே நீதிபதி எழுதினார்.

அவருடைய குருநாதர் ஹொயில் 1948இல் முன்வைத்த நிலையான பிரபஞ்சக் கோட்பாட்டில் தொடக்கமே இல்லை. அது வென்றிருந்தால் இன்றைக்கு மேடைகளில் என்ன கேட்டிருப்போம் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை: "உலகம் அநாதி என்று நம் முன்னோர் சொன்னதை விஞ்ஞானம் ஒப்புக்கொண்டுவிட்டது!" எந்தப் பக்கம் விழுந்தாலும் பூவே என்றால், அந்த நாணயத்தைச் சுண்டிப் பயனில்லை.

5. பொருந்தியதை மட்டும் எண்ணுகிறார்கள்.

பிரமனின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு. பூமியின் வயது சுமார் 454 கோடி. கிட்டத்தட்டச் சரிதானே என்கிறார்கள். அதே புராணக் கணக்கில், விஷ்ணு புராணத்தின்படி, சந்திரன் சூரியனைவிட ஓர் இலட்சம் யோசனை அப்பால் இருக்கிறது. அதைப் பற்றி மூச்சு இல்லை. ஆதியாகமத்தில் ஒளி முதலாம் நாள், சூரியன் நான்காம் நாள். இதற்கும் ஒரு வியாக்கியானம் தயாராக இருக்கும். வானியல் வந்த பிறகு எழுதப்பட்ட வியாக்கியானம்.

ஜெனீவாவின் செர்ன் ஆய்வுகூடத்தில் நிற்கும் நடராசர் 2004இல் இந்திய அரசின் அணுசக்தித் துறை கொடுத்த அன்பளிப்பு. அங்கே நடந்த எந்தப் பரிசோதனையின் முடிவும் அல்ல. சோழர் கால வார்ப்புக்கலையின் மகத்துவத்துக்கு ஜெனீவாவின் சான்றிதழ் தேவையும் இல்லை.

அண்மையில் ஒரு மண்டபத்தில் புரொஜெக்டரில் அந்தச் சிலையின் படம், பக்கத்தில் துகள்கள் சிதறும் படம். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற பையன் ஒருவன் எழுந்து, "சேர், பூச்சிய நேரத்தில சமன்பாடே வேலை செய்யாதாமே, பிறகு எப்பிடி அதுக்கு முதல் நடந்ததைச் சொல்லலாம்?" என்று கேட்டான். நல்ல கேள்வி, அன்றைய நிகழ்ச்சியில் ஒரே நல்ல கேள்வி. "தம்பி, விஞ்ஞானியளுக்கே விளங்காதது எங்கட சித்தருக்கு எப்பவோ விளங்கியிட்டுது" என்று பதில் வந்தது. சபை கைதட்டியது. பையன் இருந்துவிட்டான். முன்னோர் எல்லாம் சொல்லிவிட்டார்கள் என்றால் அவன் எதற்காக ரியூசனுக்குப் போய் வகையீடும் தொகையீடும் படிக்க வேண்டும்?

6. விளங்காத இடத்தில் கடவுளை வைத்தால் விலை கொடுப்பவர் வேறொருவர்.

ஹெந்தளைக்காரருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஒல்லாந்தர் 1708இல் கட்டிய தொழுநோய் ஆஸ்பத்திரி நம் ஊரில்தான் இருக்கிறது. ஏன் வருகிறது என்று தெரியாத வரை அந்த நோய் சிலருக்குத் தெய்வ தண்டனை, சிலருக்குப் போன பிறப்பின் வினை. நோயோடு சேர்த்துப் பாவியென்ற பெயரையும் சுமந்துகொண்டுதான் மனிதர்கள் அந்த மதிலுக்குள் போனார்கள். நோர்வேயில் ஹன்சன் அந்தக் கிருமியைக் கண்டது 1873இல். பாணந்துறையில் மேருமலை எங்கே என்று வாதாடிய அதே ஆண்டு. இடைவெளி அடைபட்டது. அதில் குடியிருத்தப்பட்ட கடவுள் வெளியேற வேண்டியதாயிற்று. பெயர் கெட்டுப்போனது நோயாளிக்கும், பிறகு கடவுளுக்கும்.

பிரபஞ்சத்தின் முதல் கணம் இன்றைக்கு நம்மிடம் இருக்கும் மிகப் பெரிய இடைவெளி. பெரியது என்பதால் அது வேறு சாதி ஆகிவிடாது.

7. மறுதரப்புக்கும் ஒரு சொல்.

வெள்ளவத்தைக்கு அடுத்த பாமன்கடையில், தன் பிறந்த ஊரின் பெயரால் 'திருவல்லா' என்று அழைத்த வீட்டில் இருந்துகொண்டு, பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1963இல், அற்புத சக்தி உண்டென்பவர்களுக்கு ஓர் இலட்சம் ரூபாய்ச் சவால் விட்டார். மூடி முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் இலக்கத்தைச் சொல்லுங்கள், தணலில் அரை நிமிடம் கொப்புளம் இல்லாமல் நில்லுங்கள் என்ற வகையில் ஒரு பட்டியல். 1978இல் அவர் கண்மூடும் வரை பணத்தை யாரும் வாங்கவில்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்த அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை. பேயோட்டிகளிடமிருந்து எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியவர். ஆனால் உறைக்குள் இருந்த இலக்கத்தைச் சாமியார் வாசிக்க முடியாமல் போனது சாமியாரைப் பற்றிய செய்தி. அதிலிருந்து பிரபஞ்சத்துக்குக் காரணம் இல்லை என்ற முடிவுக்குத் தாவுகிறவர்கள் அதே பிழையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். குவாண்டம் வெற்றிடத்திலிருந்து பிரபஞ்சம் தானே வந்தது, ஆகவே கடவுள் தேவையில்லை என்று எழுதும் பௌதிகவியலாளர்களும் அப்படித்தான். விதிகளும் புலங்களும் உள்ள வெற்றிடம் 'ஒன்றுமில்லாதது' அல்ல.

8. இந்த வாதம் தரும் கடவுளை யாரும் கும்பிடுவதில்லை.

செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். கத்தோலிக்கர், சைவர், பௌத்தர் எல்லோரும் ஒரே வரிசையில் மெழுகுதிரியோடு நிற்பார்கள். மகனுக்கு விசா, மகளுக்குக் கலியாணம், காணாமல் போனவர் திரும்பி வர வேண்டும். காலத்துக்கும் இடத்துக்கும் அப்பாற்பட்ட ஏதோ ஒரு காரணத்தைத் தேடி அங்கே ஒருவரும் வரவில்லை. கஸ்ஸாலியின் வாதம் முழுமையாக வென்றாலும் கையில் கிடைப்பது 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை தள்ளிவிட்ட ஏதோ ஒன்று. அது இன்னும் இருக்கிறதா, நல்லதா, கேட்கிறதா, ஒன்றா பலவா என்று அந்த வாதத்தால் சொல்ல முடியாது. சிவனோ கிறிஸ்துவோ அல்லாஹ்வோ என்று சொல்லவே முடியாது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில், அதே கோயிலுக்குள் குண்டு வெடித்தது. அதன் பிறகு இந்தப் பக்கத்து வீடுகளில் கடவுளைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்வி, முதல் கணத்தைப் பற்றியதல்ல. பூசையில் முழந்தாளில் நின்றவர்களை ஏன் காப்பாற்றவில்லை என்பதுதான். அதைக் கேட்டவர்களிடம் போய், பிரபஞ்சம் விரிகிறது, ஆகவே கடவுள் இருக்கிறார் என்று எந்தப் பேச்சாளராவது சொல்லிப் பார்க்கட்டும். விசுவாசிக்கும் அவிசுவாசிக்கும் நடுவே உண்மையான வழக்கு அங்கேதான் நடக்கிறது. அது கஷ்டமான வழக்கு, புரொஜெக்டர் உதவாது. அதனால்தான் மேடைகள் வானியலுக்குள் ஓடி ஒளிகின்றன என்பது என் சந்தேகம்.

ஆகவே அடுத்த முறை மண்டபத்திலோ செபக்கூட்டத்திலோ இந்த மூன்று வசனங்களைச் சொல்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். நாளைக்கு ஒரு சமன்பாடு வந்து, பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்று ஐயத்துக்கிடமின்றி நிறுவிவிட்டால், ஐயா, நீங்கள் கடவுளை விட்டுவிடுவீர்களா? 'ஆம்' என்று சொல்பவர் எவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. 'இல்லை' என்றால், அவருடைய நம்பிக்கை இந்தச் சான்றின் மேல் நிற்கவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் தான் நம்பாத காரணத்தை மற்றவர்கள் நம்ப வேண்டும் என்று எதற்காகப் படம் போட்டுக் காட்டுகிறார்?